நல்லூர் கடைசியாகத் தெரிவு செய்தவர்

1977 ஜூலை 21. நல்லூர் வாக்காளர்கள் தங்கள் தொகுதிக்கென்று ஒரு பாராளுமன்ற உறுப்பினரைக் கடைசியாகத் தெரிவு செய்த நாள் அது. அன்று அவர்கள் தெரிவு செய்தவர் மு. சிவசிதம்பரம். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்கள் வந்து போய்விட்டன. கந்தசுவாமி கோவிலடியில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஓடின, மதில்களில் விருப்பு இலக்கங்கள் ஒட்டப்பட்டன, வீட்டுப் படலைகளில் துண்டுப் பிரசுரங்கள் செருகப்பட்டன. ஆனால் இவர்தான் நல்லூரின் பா.உ. என்று சட்டப்படி சொல்லக்கூடிய ஒருவர் அதன் பிறகு வரவேயில்லை. 1989 முதல் நல்லூர், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வாக்குகளைத் தனியாக எண்ணி அறிவிக்கும் ஒரு பிரிவு மாத்திரமே.

அந்தக் கடைசித் தெரிவின் கதை ஒரு மனிதரின் தேர்தல் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தது. சிவசிதம்பரம் முதன்முதலாக வாக்குக் கேட்டு நின்றது 1956இல். பாராளுமன்ற உறுப்பினராகவே கண்ணை மூடியது 2002இல். இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகளில் அவர் சபையில் இருந்தது ஏறத்தாழப் பதினாறரை ஆண்டுகள். மீதிக் காலத்தில் அவர் தோற்றவராக, கைதானவராக, நாட்டை விட்டு வெளியே இருந்தவராக, குண்டு பாய்ந்தவராக, கொல்லப்பட்ட தோழர்களின் பட்டியல் நீள நீளக் கட்சித் தலைமையைச் சுமந்தவராக வாழ்ந்தார். ஈழத் தமிழரின் வாக்குச் சீட்டு அரசியல் எங்கே தொடங்கி எங்கே வந்து நின்றது என்று அறிய விரும்புகிற எவருக்கும் இந்த ஒரு வாழ்க்கையே போதும் என்பது என் துணிபு.

வடமராட்சியில் கரவெட்டி அவருடைய ஊர். பிறந்தது 1923 ஜூலை 20. படித்து அப்புக்காத்து ஆனார். 1956 பொதுத் தேர்தலில் பருத்தித்துறைத் தொகுதியில் சுயேச்சையாக நின்று பார்த்தார். அந்தத் தேர்தலில் வென்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையா, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரைக்காக இன்றும் நினைக்கப்படுகிறவர். முதல் முயற்சியில் அத்தகைய ஒருவரிடம் தோற்றதில் குறை ஒன்றும் இல்லை.

1959ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தேர்தல் வரைபடத்தை மாற்றிவிட்டது. அதுவரை இருந்த தொகுதிகள் உடைக்கப்பட்டு நல்லூர், உடுப்பிட்டி, உடுவில் என்று புதிய தொகுதிகள் பிறந்தன. 1960 மார்ச் தேர்தலில் புதிய நல்லூர் தொகுதி வைத்தியர் இ.மு.வி. நாகநாதனைத் தெரிவு செய்தது. தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். மக்கள் அவரை 'இரும்பு மனிதர்' என்று அழைத்தார்கள். அதே நாளில் வடமராட்சியின் புதிய உடுப்பிட்டித் தொகுதியில் தமிழ்க் காங்கிரஸின் சைக்கிள் சின்னத்தில் நின்று சிவசிதம்பரம் வென்றார்.

அந்த வெற்றியின் பெறுமதியை இன்றைய வாசகர் உணர வேண்டுமானால் அன்றைய காற்று எந்தப் பக்கம் வீசியது என்று தெரிய வேண்டும். 1956க்குப் பிறகு வடக்கும் கிழக்கும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குள் குடிபுகுந்துவிட்டன. காங்கிரஸின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலமே 1960 மார்ச்சில் யாழ்ப்பாணத் தொகுதியில் அல்பிரட் துரையப்பாவிடம் தோற்றார். தலைவர் தோற்ற தேர்தலில் தொண்டர் வென்றார். அந்தப் பாராளுமன்றத்தில் தமிழ்க் காங்கிரஸுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசனம்; அது உடுப்பிட்டி.

அந்தப் பாராளுமன்றம் ஒரு மாதம்கூட உருப்படியாக நடக்கவில்லை. டட்லி சேனாநாயக்கவின் சிறுபான்மை அரசு சிம்மாசன உரை வாக்கெடுப்பிலேயே விழுந்தது. மறுபடி தேர்தல் 1960 ஜூலை 20ஆம் திகதி, சிவசிதம்பரத்தின் முப்பத்தேழாவது பிறந்தநாளில் நடந்தது. மறுபடியும் காங்கிரஸுக்கு ஓர் ஆசனம், மறுபடியும் உடுப்பிட்டி. நான்கு மாத இடைவெளியில் இரண்டு தடவை, கட்சிக் காற்றுக்கு எதிராக வென்ற ஒருவரை 'உடுப்பிட்டிச் சிங்கம்' என்று ஊர் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆஜானுபாகுவான தோற்றம், கணீரென்ற குரல், வழக்காடி வளர்ந்த நாக்கு. மேடைப் பேச்சைக் கேட்கவே மைல் கணக்கில் சைக்கிள் மிதித்துச் சனம் போன காலத்தில் அவர் எழுந்தால் கூட்டம் அசையாது.

ஒற்றை ஆளாகச் சபையில் இருப்பது ஒருவகைச் சுதந்திரம், ஒருவகைத் தனிமை. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் நடத்தியது. தனியாகத் தபால் சேவையே நடத்திக் காட்டியது. அதன் தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அந்த எழுச்சியின் முன்வரிசை தமிழரசுக் கட்சியினுடையது. 'ஐம்பதுக்கு ஐம்பது' கேட்ட கட்சியிலிருந்து வந்தவர் சிவசிதம்பரம்; 'சமஷ்டி' கேட்ட கட்சியிடம்தான் அப்போது மக்களின் மனம் இருந்தது. ஒரே இனத்தின் இரண்டு கட்சிகள் ஒன்றையொன்று துரோகி என்று திட்டிக்கொண்டு பதினைந்து, இருபது ஆண்டுகளை வீணாக்கின. அதில் இரண்டு பக்கத்துக்கும் பங்குண்டு. சிவசிதம்பரமும் அந்தச் சண்டையின் மேடைகளில் நின்று வளர்ந்தவர்தான். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

1965இல் மூன்றாவது தடவையாக உடுப்பிட்டி அவரை அனுப்பியது. டட்லியின் அரசுக்குத் தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ் இரண்டும் ஆதரவு கொடுத்த காலம் அது. 1968 மார்ச்சில் அவர் உப சபாநாயகராகவும் குழுக்களின் தவிசாளராகவும் தெரிவானார். 1970 மார்ச்சில் பாராளுமன்றம் கலையும்வரை அந்தப் பதவியில் இருந்தார். சபைக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நடக்க வேண்டிய பொறுப்பு அது. தமிழருக்குச் சிங்களத் தலைமைகளோடு ஒரே மேசையில் இருந்து அலுவல் பார்க்க முடியும் என்ற நம்பிக்கையின் கடைசி ஆண்டுகள் அவை. பண்டா-செல்வா ஒப்பந்தத்தைப் போலவே டட்லி-செல்வா ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. மாவட்ட சபைகள் வரவில்லை. பதவியும் ஒத்துழைப்பும் ஊருக்கு எதைக் கொண்டுவந்தன என்று வாக்காளர் கேட்ட கேள்விக்கு எவரிடமும் நல்ல பதில் இருக்கவில்லை.

கேட்ட விதம் கடுமையானது. 1970 மே 27ஆம் திகதித் தேர்தலில் யாழ்ப்பாணம் பெரிய தலைகள் பலவற்றை வீட்டுக்கு அனுப்பியது. யாழ்ப்பாணத் தொகுதியில் பொன்னம்பலம் தோற்றார். வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம் தோற்றார். நல்லூரில் பத்தாண்டுகள் இருந்த நாகநாதன் தோற்றார். உடுப்பிட்டியில் உப சபாநாயகர் சிவசிதம்பரம் தமிழரசுக் கட்சியின் கே. ஜெயக்கொடியிடம் தோற்றார். கட்சி பார்த்து நடந்த தண்டனை அல்ல அது. தமிழரசுத் தலைவர்களைக் காங்கிரஸ்காரரைக் கொண்டும் காங்கிரஸ் தலைவர்களைத் தமிழரசுக் கட்சிக்காரரைக் கொண்டும் மக்கள் தோற்கடித்தார்கள். இந்த மண்ணின் வாக்காளர் உணர்ச்சிக்குப் பின்னால் மட்டும் ஓடுகிறவர் என்று எழுதுகிறவர்கள் 1970 முடிவுகளை ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

நல்லூரில் நாகநாதனை வென்றவர் தமிழ்க் காங்கிரஸின் சி. அருளம்பலம். வட்டுக்கோட்டையில் வென்ற ஆ. தியாகராஜாவும் காங்கிரஸ்காரர். இருவரும் விரைவிலேயே சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் பக்கம் போய்விட்டார்கள். 1972 மே 22ஆம் திகதி வந்த குடியரசு அரசியலமைப்பை ஆதரித்தார்கள். சிங்களமே அரச கரும மொழி என்பதையும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்பதையும் எழுதிவைத்த அரசியலமைப்பு அது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து நல்லூரின் படித்த வீடுகளில் பிள்ளைகள் திகைத்து நின்ற அதே நாட்களில், அந்த வீடுகள் அனுப்பிய உறுப்பினர் அரசாங்கத்தின் பக்கம் இருந்தார். தொகுதி அதை மறக்கவில்லை.

தோல்விக்குப் பிறகுதான் சிவசிதம்பரம் முழு அரசியல்வாதியானார் என்று நான் நினைக்கிறேன். 1972 மே 14ஆம் திகதி திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவானபோது வீடும் சைக்கிளும் முதல் தடவையாக ஒரே மேடைக்கு வந்தன. மேடைகளில் ஒருவரையொருவர் கிழித்த அமிர்தலிங்கமும் சிவசிதம்பரமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். 1976 மே மாதத்தில் துண்டுப் பிரசுரம் விநியோகித்ததற்காக அமிர்தலிங்கம், வி.என். நவரத்தினம், கா.பொ. இரத்தினம், க. துரைரத்தினம் ஆகியோரோடு அவரும் கைது செய்யப்பட்டார். அவர் விடுவிக்கப்பட்டார்; மற்ற நால்வர் மீதும் 'ட்ரயல் அட் பார்' வழக்கு நடந்தது. தமிழரசுக் கட்சியின் செல்வநாயகமும் காங்கிரஸின் பொன்னம்பலமும் ஒரே பக்கத்தில் நின்று வாதாட, எழுபதளவில் தமிழ்ச் சட்டத்தரணிகள் எதிரிகளுக்காகத் திரண்ட வழக்கு அது. நால்வரும் விடுதலையானார்கள்.

அதே மே மாதம் 14ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் கூடிய மாநாடு தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தமிழர் கூட்டணி, தமிழர் விடுதலைக் கூட்டணி ஆனது. அடுத்த ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்குள் இரண்டு பெரியவர்களும் போய்விட்டார்கள்: பெப்ரவரியில் பொன்னம்பலம், ஏப்ரலில் செல்வநாயகம். கூட்டணியின் தலைவராகச் சிவசிதம்பரமும் செயலாளர் நாயகமாக அமிர்தலிங்கமும் பொறுப்பில் இருந்தார்கள். ஒருவர் காங்கிரஸ் வழி, மற்றவர் தமிழரசு வழி. இந்தச் சோடி கடைசிவரை பிரியவில்லை. பொன்னம்பலத்தின் மகன் குமார் பொன்னம்பலம் கூட்டணியிலிருந்து விலகித் தமிழ்க் காங்கிரஸை மீண்டும் தனி வழியில் நடத்தியபோதும், காங்கிரஸில் வளர்ந்த சிவசிதம்பரம் கூட்டணியிலேயே இருந்தார். ஒற்றுமை என்று ஒரு தடவை சொன்னபின் அதை விட்டுப் போகாத குணத்துக்காக அவரை மதிக்க வேண்டும்.

1977இல் அவர் உடுப்பிட்டிக்குத் திரும்பவில்லை. அங்கே கூட்டணி நிறுத்தியவர் த. இராசலிங்கம். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். யாழ்ப்பாணத்தில் அந்தச் சமூகத்தவர் ஒருவர் வாக்குப் பெற்றுப் பாராளுமன்றம் போனது அதுவே முதல் தடவை. அதற்கு முன் 1970இல் எம்.சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராகத்தான் போனார். கோவில் வாசல்களிலும் தேநீர்க் கடைகளிலும் சமத்துவத்துக்காக மனிதர் அடிபட்டுப் பத்து ஆண்டுகள்கூட ஆகாத காலம். கட்சித் தலைவரின் சொந்தத் தொகுதியில் அப்படியொரு வேட்பாளரை நிறுத்தி வெல்ல வைத்தது கூட்டணி செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

தலைவர் நல்லூருக்கு வந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு காங்கிரஸ்காரரை நம்பி அனுப்பி ஏமாந்த தொகுதி அது. மறுபடியும் காங்கிரஸிலிருந்து வந்த ஒருவருக்கே வாக்குப் போடச் சொல்லிக் கேட்டார்கள். ஆனால் சீட்டில் இப்போது சைக்கிள் இல்லை, வீடும் இல்லை. உதயசூரியன் இருந்தது. ஐம்பத்து நான்காவது பிறந்தநாளுக்கு மறுநாள் சிவசிதம்பரம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அன்று கூட்டணிக்குக் கிடைத்தவை 18 ஆசனங்கள். வடக்கின் 14 தொகுதிகளும் அதற்குள் அடங்கும். வவுனியாவில் வென்றவரும் ஒரு சிவசிதம்பரம்தான், தா. சிவசிதம்பரம், பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிற இளையவர்கள் இருவரையும் ஒருவராக எண்ணிவிடக் கூடாது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். இலங்கைப் பாராளுமன்றத்தில் ஒரு தமிழர் அந்தக் கதிரையில் இருந்தது அதுவே முதல் தடவை.

இவ்வளவு பெரிய வெற்றி தலையில் ஏறாமல் இருந்திருந்தால் நல்லது என்று இன்று தோன்றுகிறது. தனியரசுக்கு ஆணை தாருங்கள் என்று கேட்டார்கள், மக்கள் தந்தார்கள். தந்தபின் அடுத்த நாள் என்ன செய்வது என்பதற்குக் கூட்டணியிடம் திட்டம் இருக்கவில்லை. தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குள் 1977 ஓகஸ்ட் கலவரம் வந்தது. தமிழர் அடிபட்டுக் கப்பலேறி வடக்குக்கு வந்தார்கள். 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்த புதிய அரசியலமைப்பு வந்தது. கூட்டணியின் பொத்துவில் உறுப்பினர் கனகரத்தினமும் மட்டக்களப்பின் இராசதுரையும் ஆளும் கட்சிக்குத் தாவினார்கள். 1980இல் மாவட்ட அபிவிருத்தி சபைகளை ஏற்றுக்கொண்டபோது, ஈழம் கேட்டுப் போனவர்கள் எதைக் கொண்டு வருகிறார்கள் என்று இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மேடையில் சொன்னதற்கும் மேசையில் பேசியதற்கும் இடையில் இருந்த தூரத்துக்குத் தலைவர் என்ற முறையில் சிவசிதம்பரத்துக்கும் பொறுப்பு உண்டு. பேரம் பேசிப் படிப்படியாகப் போவதுதான் தங்கள் வழி என்றால், அதை மக்களிடம் 1977லேயே நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

அதே நேரம் அந்த மேசையில் மறுபக்கம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். மாவட்ட சபைத் தேர்தல் 1981 ஜூன் 4ஆம் திகதி. அதற்குச் சில நாட்கள் முன், மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணம் எரிக்கப்பட்டது. பொது நூலகம், கூட்டணியின் தலைமையகம், யாழ்ப்பாண உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு எல்லாம் தீக்கிரையாகின. ஜூலையில் ஆளும் கட்சி எதிர்க்கட்சித் தலைவர் மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. பாராளுமன்ற முறையில் கேள்விப்படாத காரியம். சபைக்குள் வாதாடியே உரிமை பெறலாம் என்று வாழ்நாள் முழுவதும் நம்பிய ஒரு முன்னாள் உப சபாநாயகருக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு வந்தது விளக்கும் குடமும். 1977 பாராளுமன்றத்தின் ஆறு ஆண்டுகள் 1983 ஓகஸ்டில் முடிய வேண்டும். தேர்தலே வேண்டாம், இன்னும் ஆறு ஆண்டுகள் இதே சபை தொடரட்டும் என்று ஜே.ஆர். ஜயவர்தன அரசு 1982 டிசெம்பர் 22ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடத்தியது. நீடிக்கலாம் என்றால் விளக்குக்குப் புள்ளடி, கூடாது என்றால் குடத்துக்குப் புள்ளடி. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு வாக்குகள் குடத்துக்கு விழுந்தன. தங்கள் உறுப்பினர்களே மீண்டும் தங்கள் முன்னால் வந்து நின்று கணக்குக் காட்ட வேண்டும் என்று நல்லூர் போன்ற தொகுதிகள் சொன்ன தீர்ப்பு அது. நாடு முழுவதற்குமான எண்ணிக்கையில் விளக்கு வென்றது. யாழ்ப்பாணம் கேட்ட தேர்தல் வரவில்லை.

நீடித்த காலத்தில் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று ஆயுத இயக்கங்கள் நெருக்கின. 1983 ஜூலையில் மன்னாரில் கூட்டணி மாநாடு கூடியது. அதே நாட்களில், ஜூலை 23 இரவு, நல்லூருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் இராணுவ வாகனத் தொடர் தாக்கப்பட்டு 13 படையினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் கொழும்பு எரியத் தொடங்கியது. கறுப்பு ஜூலையின் சாம்பல் ஆறுவதற்குள், ஓகஸ்ட் 8ஆம் திகதி, ஆறாவது திருத்தச் சட்டம் நிறைவேறியது. தனிநாட்டுக் கோரிக்கையை ஆதரிக்க மாட்டோம் என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும். எந்தக் கோரிக்கைக்கு ஆணை கேட்டு வென்றார்களோ அதையே மறுதலிக்கும் சத்தியம். கூட்டணியினர் செய்ய மறுத்தார்கள். மூன்று மாதம் சபைக்குப் போகாததால் 1983 ஒக்டோபர் 22ஆம் திகதி சிவசிதம்பரத்தின் ஆசனம் பறிபோனது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 1970இல் உடுப்பிட்டி அவரைத் தோற்கடித்தது. அது வாக்காளரின் உரிமை. 1983இல் நல்லூர் அவரைத் தோற்கடிக்கவில்லை, மீண்டும் தெரிவு செய்யவும் இல்லை. அவர் நன்றாகச் செய்தாரா, தவறினாரா என்று தீர்ப்புச் சொல்லும் சந்தர்ப்பமே நல்லூருக்குத் தரப்படவில்லை. விளக்குச் சின்னம் ஒரு தடவை அதைப் பறித்தது, ஆறாவது திருத்தம் மறு தடவை பறித்தது, துப்பாக்கிகள் மூன்றாவதாகப் பறித்தன. வெற்றிடமான ஆசனத்துக்கு இடைத்தேர்தலும் நடத்தப்படவில்லை. 1987 செப்டெம்பரில் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் வீதியில் திலீபன் தண்ணீரும் அருந்தாமல் பன்னிரண்டு நாள் கிடந்து உயிர்விட்டபோது, கோவிலடியில் கூடியிருந்த பெருந்திரளில் எவருக்கும், எங்கள் பா.உ. எங்கே என்று கேட்கத் தோன்றியிருக்காது. அந்த நான்கு ஆண்டுகளில் அரசியலின் பொருளே இங்கே மாறிவிட்டது.

அந்த ஆண்டுகளைக் கூட்டணித் தலைவர்கள் பெரும்பாலும் சென்னையில் கழித்தார்கள். 1985 திம்புப் பேச்சுகளில் அமிர்தலிங்கம், சம்பந்தன் ஆகியோரோடு சிவசிதம்பரமும் இருந்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி, 1977இல் அவரோடு வென்ற மானிப்பாய் உறுப்பினர் வி. தர்மலிங்கமும் பின்னர் கோப்பாய் உறுப்பினரான மு. ஆலாலசுந்தரமும் கொல்லப்பட்டார்கள். 1989 பெப்ரவரிப் பொதுத் தேர்தல் விகிதாசார முறையில் வந்தது. நல்லூர் என்ற தனி ஆசனம் அதோடு இல்லாமல் போனது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 11 ஆசனங்களில் எட்டை ஈரோஸ் ஆதரவுச் சுயேச்சைக் குழு வென்றது. உதயசூரியனில் நின்ற கூட்டுக்கு மூன்றே கிடைத்தன. அமிர்தலிங்கம் தேசியப் பட்டியல் மூலம் சபைக்குப் போனார்.

1989 ஜூலை 13 மாலை. கொழும்பு புல்லர்ஸ் வீதியில், கூட்டணித் தலைவர்கள் ஒன்றாகத் தங்கியிருந்த வீடு. பேச்சுவார்த்தைக்கென்று முன்கூட்டியே சொல்லிவிட்டு மூவர் வந்தார்கள். விடுதலைப் புலிகளின் ஆட்கள். வருகிறவர்கள் நம்முடைய பிள்ளைகள் என்ற எண்ணத்தில் உபசரித்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் துப்பாக்கியை எடுத்தார்கள். அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். சிவசிதம்பரத்தின் உடலிலும் குண்டு பாய்ந்தது. காவலுக்கு நின்ற பொலிஸார் வந்த மூவரையும் சுட்டுக் கொன்றார்கள். அவர் உயிர் தப்பியது சிங்களக் காவலர் ஒருவர் விரைந்து செயற்பட்டதால். தமிழரின் உரிமைக்காக மூன்று பத்தாண்டுகள் சிங்களத் தலைமைகளோடு வாதாடிய மனிதரைச் சுட்டது தமிழ்க் கை, காத்தது சிங்களக் கை. எழுதக் கை நடுங்கினாலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

அதோடு ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கூட்டணியின் தலைவராகவே தொடர்ந்தார். அந்தத் தலைமை எத்தனை மரணங்களைக் கண்டது என்று பாருங்கள். 1997 ஜூலையில் திருகோணமலை உறுப்பினர் அ. தங்கத்துரை. 1998 மே மாதத்தில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன். கணவரைக் கொன்ற வன்முறை ஒன்பது ஆண்டுகளின் பின் மனைவியையும் கொண்டுபோனது. அதே ஆண்டு செப்டெம்பரில் அவருக்குப் பின் முதல்வரான பொன். சிவபாலன், மாநகர சபைக் கட்டடத்தில் வைத்த குண்டில். 1999 ஜூலை 29ஆம் திகதி நீலன் திருச்செல்வம். வாக்குக் கேட்டு வாழ நினைத்த ஒரு கட்சி, தன் ஆட்களைப் புதைத்துக்கொண்டும் எரித்துக்கொண்டும் காலம் கழித்தது. அந்தக் காலத்தில் உதயசூரியன் சின்னத்தில் வேட்புமனுவில் கையெழுத்திட முன்வந்த ஒவ்வொருவரும் எவ்வளவு துணிச்சல்காரர் என்பதை இன்றைய தலைமுறை அறியாது.

2001 ஒக்டோபரில் கூட்டணி, தமிழ்க் காங்கிரஸ், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எவ். ஆகியவை சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆயின. சின்னம் உதயசூரியன். விடுதலைப் புலிகளோடு அரசு பேச வேண்டும் என்று கேட்டு அவர்கள் டிசெம்பர் 5ஆம் திகதித் தேர்தலில் 15 ஆசனங்கள் பெற்றார்கள். அதில் ஒன்று தேசியப் பட்டியல் ஆசனம். அதைச் சிவசிதம்பரத்துக்குக் கொடுத்தார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, எழுபத்தெட்டு வயதில், அவர் மீண்டும் பாராளுமன்ற உறுப்பினரானார்.

தன்னைச் சுட்ட அமைப்போடு பேசுங்கள் என்று கேட்கும் அணியில் அவர் எப்படி இருந்தார் என்று சிலர் கோபத்தோடு கேட்டார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். 1972இல் அவர் பழைய பகையை விழுங்கிக்கொண்டு அமிர்தலிங்கத்தோடு கைகோத்தவர். போர் நிற்பதுதான் முக்கியம், என் உடம்பில் பட்ட காயம் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று அவர் முடிவெடுத்திருந்தால் அது அந்தப் பழைய குணத்தின் தொடர்ச்சி. ஆனால் கூட்டமைப்பு காலப்போக்கில் சொந்தக் குரலையே இழந்து நின்றதையும் நாம் பார்த்தோம். அந்தப் பிழைக்குள் அவரை இழுத்து வைப்பது நியாயமில்லை. அது நடந்து முடிவதற்கு முன் அவர் போய்விட்டார்.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 வீதி மக்களுக்குத் திறந்தது. ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் சிவசிதம்பரம் காலமானார். அவருடைய தேசியப் பட்டியல் ஆசனத்துக்குத் திருகோணமலையின் க. துரைரெட்ணசிங்கம் நியமிக்கப்பட்டார். கூட்டணியின் தலைவரான வீ. ஆனந்தசங்கரிக்கும் மற்றவர்களுக்கும் இடையில் பிளவு வந்து, 2004 தேர்தலில் கூட்டமைப்பு உதயசூரியனை விட்டுத் தமிழரசுக் கட்சியின் பழைய வீட்டுச் சின்னத்துக்குப் போனது. 1972இல் சேர்ந்தவை மறுபடி பிரிந்தன. 2024 நவம்பர்த் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இருந்தது ஆறே ஆசனங்கள். அவற்றில் மூன்று தேசிய மக்கள் சக்திக்குப் போயின. வீட்டுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று.

தனித் தொகுதி முறையில் இருந்த ஒரு நன்மையை இன்று இழந்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. நாகநாதனை அனுப்பியதும் நல்லூர், பத்தாண்டு பார்த்து விலக்கியதும் நல்லூர். அருளம்பலத்தை நம்பியதும் நல்லூர், நம்பிக்கை கெட்டபின் அடுத்தவரைத் தேடியதும் நல்லூர். விகிதாசார முறை சிறு கட்சிகளுக்கு இடம் தருகிறது. அந்த நியாயத்தை மறுக்கவில்லை. ஆனால் வாய்க்கால் அடைத்தாலும் வீதி உடைந்தாலும் காணி பறிபோனாலும் இன்னார் வீட்டுப் படலையைத் தட்டலாம் என்றிருந்த நிலை போய்விட்டது. வடக்கில் எத்தனையோ மேடைகளில் அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசுகிறோம். ஊரவர் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கக்கூடிய பிரதிநிதி வேண்டும் என்பதையும் அதே குரலில் பேச வேண்டும்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. 1960 முதல் 1970 வரையும் 1977 முதல் 1983 வரையும் சிவசிதம்பரம் பேசியவை ஹன்சாட்டில் பதிவாகிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டித் தமிழில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவரும் வேலையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அரசியல், வரலாற்றுத் துறைகள் எடுத்துச் செய்ய வேண்டும். 1977இல் நல்லூரில் முதல் வாக்கைப் போட்டவர்கள் இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். கூட்டங்களில் என்ன கேட்டீர்கள், எதை நம்பிப் புள்ளடி போட்டீர்கள், பிறகு உங்கள் உறுப்பினரைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். தேர்தல் மூலம் சொல்ல விடப்படாத தீர்ப்பை நல்லூர் இப்படியாவது சொல்லட்டும்.